ஆடுகளை ஏற்ற வந்த லொறி

இதை வாசிக்கிற எல்லோர் மீதும் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். சுற்றிவளைத்துக் கதைக்க எனக்கு வராது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் ஆட்டுப் பட்டிக்குள் நோய் புகுந்தது. ஊருக்குத் திரும்பிப் போவதற்காகச் சாமான்கள் எல்லாம் கட்டி வைத்திருந்த நேரம். சட்டி பானை சாக்குக்குள், கதிரைகள் ஒன்றின்மேல் ஒன்று, அலுமாரி வெறுமை. ஆடுகள் மட்டும்தான் ஏறவேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து வந்தது அந்த வருத்தம். எனக்கு உலகமே இருண்டுபோனது.

நான் மன்னாரில் முசலிப் பக்கத்துக்காரி. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய நேரம் எங்கள் ஆட்களோடு வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியபோது பள்ளிக்கூடம் போகிற வயது. முகாமில் வளர்ந்து, முகாமில் கல்யாணம் முடித்து, களப்புக்கரையில் ஒரு துண்டு வளவில் பிள்ளைகளைப் பெற்று, அவர்களுக்கும் கல்யாணம் முடித்துக் கொடுத்தாயிற்று. புத்தளம் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இருந்தாலும் யாராவது ஊர் எது என்று கேட்டால் என் வாய் தானாக முசலி என்றுதான் சொல்லும். என் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்களுக்குப் புத்தளம்தான் ஊர்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் எங்கள் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்கினார்கள். என் கணவர் தௌபீக் முன்னால் போனார். காடு மண்டிக் கிடந்த வளவை வெட்டித் துப்புரவாக்கி, தகரக் கூரையில் ஒரு வீடு போட்டார். அவருடைய தங்கை ரிஸானா குடும்பம் ஏற்கனவே அங்கே போய்விட்டது. திரும்பிப் போன குடும்பங்கள் பலவற்றுக்குக் கறவை மாடு உதவியாகக் கிடைத்திருந்தது. எங்களுக்கு மாடு இல்லை. நான் வளர்த்த ஆடுகள்தான் இருந்தன. என்னைப் பொறுத்தவரை அந்த ஆடுகள் போனால்தான் நாங்கள் போவோம். வெறுங்கையோடு போய் அந்தக் காட்டுக்குள் என்னத்தைச் சாப்பிடுவது?

எங்கள் பக்கத்தில் ஆடு வைத்திருப்பவர்கள் எல்லா ஆட்டையும் ஒரே இடத்தில் கட்டுவதில்லை. இடமும் போதாது, தீனியும் போதாது. பெட்டை ஆடுகளைத் தெரிந்த வீடுகளில் வாரத்துக்கு விடுவோம். போடுகிற குட்டியில் பாதி வளர்க்கிறவருக்கு, பாதி ஆட்டுக்காரருக்கு. என் ஆடுகள் கண்டக்குழியில் இரண்டு வீட்டில் நின்றன, கனமூலையில் ஒரு வீட்டில் நின்றன, மற்றவை என்னோடு நின்றன. ஊருக்குத் திரும்புகிறவர்கள் செய்கிற முதல் வேலை, வாரத்துக்கு விட்ட ஆடுகளையெல்லாம் கூப்பிட்டு ஒரே பட்டியில் அடைப்பதுதான். லொறி ஒரு தரம்தானே வரும். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நானும் செய்தேன். பட்டி நிறைந்து நின்றதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். பெருநாள் உடுப்புப் போட்ட பிள்ளைகளைப் பார்ப்பதுபோல வேலியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கனமூலையிலிருந்து வந்தவள் கறுப்பி. கறுத்த மயிர், காதில் மட்டும் வெள்ளை, குட்டியோடு வந்தாள். வந்து சில நாளில் முன்னங்காலை ஊன்றாமல் நொண்டினாள். முள் ஏறியிருக்கும் என்று காலைத் தூக்கிப் பார்த்தேன். முள் இல்லை. வேப்பெண்ணெயும் மஞ்சளும் பூசிவிட்டேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

அந்தக் கிழமைதான் கனமூலைக்குக் கிட்ட, மதுரங்குளிப் பக்கத்தில் மாடுகளுக்குக் கால் வாய் நோய் வந்திருப்பதாகக் கதை வந்தது. வாயில் புண், குளம்பில் புண், எச்சில் வடியும், மாடு தின்னாது, பால் வற்றிவிடும், கன்று செத்துப்போகும். பக்கத்து வளவு ஹமீதா லாத்தாவிடம் ஒரு பசு இருந்தது. அவர் பயந்துபோய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"ஜெஸீமா, உன்ட ஆடுகளுக்கும் வருமோ?"

"அது மாட்டு வருத்தம் லாத்தா. ஆட்டுக்கு என்னத்துக்கு வருது?" என்று பெரிய டொக்டர் மாதிரிச் சொன்னேன்.

எனக்கு இருந்த பயம் வேறு. நோய் பரவினால் ஆடு மாடு ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள், ரோட்டில் மறித்துத் திருப்பி அனுப்புவார்கள் என்று கடையடியில் கதைத்தார்கள். லொறி வியாழக்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முதல் மறித்துவிட்டால்? இத்தனை வருடம் காத்திருந்து, கடைசியில் ஒரு மாட்டு வருத்தத்துக்காக நான் இங்கேயே நிற்பதா?

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாயை எடுத்துக்கொண்டு பட்டிக்கே போனேன். ஆட்டுப் பட்டியில் தொழலாம் என்று சின்ன வயதிலேயே எங்களுக்கு ஓதித்தந்திருக்கிறார்கள். கச்சான் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. நான் நெற்றியை நிலத்தில் வைத்து சுஜூதில் இருக்கும்போது ஒரு குட்டி வந்து பாயின் நுனியைச் சப்பத் தொடங்கியது. தொழுகையை முடித்துச் சலாம் கொடுத்துவிட்டு, கையை ஏந்தி அழுதேன்.

"யா அல்லாஹ், ரோட்ட மறிக்கிறதுக்கு முந்தி, வியாழக்கிழமையே அந்த லொறிய அனுப்பு. நான் வேற ஒண்டும் கேக்கல்ல. லொறிய மட்டும் அனுப்பு."

நான் வாழ்க்கையில் பல துஆ கேட்டிருக்கிறேன். பாதி நேரம் வாய் கேட்கும், மனம் அடுப்படியில் நிற்கும். அன்று அப்படியில்லை. உடம்பு முழுவதும் சேர்ந்து கேட்டது. கேட்டு முடித்தபோது மனம் லேசாகிவிட்டது. நிச்சயம் வரும் என்று நினைத்துக்கொண்டு எழும்பினேன்.

லொறி வரவில்லை.

வியாழன் காலை லொறிக்காரன் அன்ரன் போன் எடுத்தான். சிலாபத்துப் பொடியன், கிறிஸ்தவன், சிங்களமும் தமிழும் ஒரே வாயில் கதைப்பான். எங்கள் ஆட்கள் பலரை மன்னாருக்கு ஏற்றிக்கொண்டு போனவன் அவன்தான்.

"ராத்தா, கோபிக்க வேணாம். பாலாவியில வச்சு கியர் பொக்ஸ் போயிட்டு. சாமான் கொழும்பில இருந்து வரணும். சனிக்கிழமை கட்டாயம் வாறன்."

"சனிக்கிழமைக்குள்ள ரோட்ட மறிச்சா நீயா பாப்பாய்?" என்று கத்தினேன். அவன் பாவம், என்ன செய்வான்?

போனை வைத்துவிட்டு நான் அல்லாஹ்வோடு கோபித்தேன். மறைக்க என்ன இருக்கிறது? ஒரேயொரு லொறிதானே கேட்டேன், அதுகூடவா தரமாட்டாய் என்று கேட்டேன். பகல் லுஹர் தொழுதேன். ஆனால் துஆ கேட்காமல் பாயைச் சுருட்டினேன். வெள்ளிக்கிழமையும் அப்படியே. கேட்க மாட்டேன் என்று வீறாப்பு. இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நான் கோபித்தால் அவனுக்கு என்ன குறை?

சனிக்கிழமை காலை லொறி வந்து வாசல் படலையில் நின்றது. ரோட்டையும் இன்னும் மறிக்கவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்ரனுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கக்கூட மறந்துபோய்ப் பட்டிக்கு ஓடினேன்.

கறுப்பியின் குட்டி தாயின் மடியோடு ஒட்டியபடி செத்துக் கிடந்தது.

முதல் நாள் பின்னேரம் துள்ளித் திரிந்த குட்டி. நுரை இல்லை, காயம் இல்லை. பால் குடிக்க வாயை வைத்த இடத்திலேயே விழுந்திருக்கிறது. நான் குந்தியிருந்து அதைத் தூக்கினேன். அப்போதுதான் மற்ற ஆடுகளைப் பார்த்தேன். ஒன்று நொண்டியது. இன்னொன்று பல்லை நறுநறுவென்று கடித்துக்கொண்டு நின்றது. பெரிய கிடாயின் வாயோரம் எச்சில் நூலாகத் தொங்கியது.

அன்ரன் பின்னால் வந்து நின்றான். அவனுடைய மாமனார் சிலாபத்தில் மாடு வைத்திருப்பவர். கிடாயின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தான். நாக்கிலும் பல் முரசிலும் தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

"ராத்தா, இது கால் வாய்."

"ஆட்டுக்கு அது வராதே?"

"வரும். எங்கட மாமாட மாட்டுக்கு முந்தி ஆட்டுக்குத்தான் வந்த. ஆடு என்டபடியா ஆரும் கவனிக்கேல்ல."

அப்படியே மணலில் இருந்துவிட்டேன். அன்ரன் பக்கத்தில் குந்தினான்.

"நீங்க ஏத்தச் சொன்னா நான் ஏத்துறன். இன்னும் ஒருத்தரும் மறிக்கேல்ல. மன்னாருக்குப் போய் இறக்கலாம். ஆனா நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

லொறி படலையில் நிற்கிறது. பின் கதவு திறந்திருக்கிறது. நான் அழுது கேட்ட அதே லொறி. ஏற்றினால் அன்று பின்னேரமே ஊரில் இருப்பேன். ஏற்றாவிட்டால் இனி எப்போது என்று யாருக்கும் தெரியாது.

கணவருக்குப் போன் எடுத்தேன். குட்டி செத்ததைச் சொன்னேன், ஆடுகளின் நிலைமையைச் சொன்னேன். அவர் அங்கே பட்டிக்கு வேலியெல்லாம் போட்டு முடித்து, சாப்பிடாமல் வழி பார்த்துக்கொண்டிருந்தவர்.

"நீ ஏத்திக்கொண்டு வா. இங்க வச்சு மருந்து குடுப்பம். அங்க தனிய நிண்டு என்ன செய்யப் போறாய்?" என்றார்.

"இஞ்ச பாருங்க, ரிஸானாட மாடு எங்க மேயுது?"

"குளத்தடியில. ஏன்?"

"மத்த ஆக்கள்ட மாடு?"

"எல்லாம் குளத்தடியிலதான்."

"நம்மட ஆடு?"

எங்கள் ஊரில் மேய்ச்சல் என்றால் அந்தக் குளத்தடி ஒன்றுதான், தண்ணீரும் அங்கேதான். என் ஆடுகள் ஒரு தரம் வாய் வைத்தால் போதும். அந்த மாடுகளை நம்பித்தான் அங்கே சனம் திரும்பிப் போயிருந்தது. மாடு விழுந்தால் அவர்கள் மறுபடி மூட்டை கட்டிக்கொண்டு புத்தளத்துக்கே வரவேண்டியதுதான்.

"ஏத்தாத ஜெஸீமா," என்றார் கடைசியில். "நான் வாறன்."

"நீங்களும் வரவேணாம். இங்க வந்து பட்டிக்குள்ள இறங்கினா, அந்தக் காலோட அங்க திரும்ப ஏலாது. நான் பாத்துக்கொள்றன்."

அன்ரனிடம் போய்ச் சொன்னேன். அவன் ஒரு வார்த்தை முறைப்பாடு சொல்லவில்லை. செருப்பையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவினான், லொறிக் கதவைச் சாத்தினான். லொறி ஒழுங்கையால் திரும்பிப் போகிறபோது நான் வாய்விட்டு அழுதேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஹமீதா லாத்தாவும் அழுதார். அவர் ஏன் அழுதார் என்று இன்றுவரை கேட்கவில்லை.

மிருக வைத்திய அலுவலகத்துக்கு நானே சொல்லி அனுப்பினேன். சிங்கள டொக்டர் மிஸ் ஒருவர் வந்தார். ஆடுகளின் வாயையும் குளம்புகளையும் பார்த்தார். எப்போது ஆடுகளைச் சேர்த்தேன், எப்போது கறுப்பி நொண்டினாள் என்று கேட்டார். லொறிக் கதையையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை லொறி வந்திருந்தா ஏத்தியிருப்பீங்களா?"

"ஏத்தியிருப்பன் மிஸ். அப்ப எல்லாம் நல்லாத்தானே நிண்டது. கறுப்பி மட்டும் கொஞ்சம் நொண்டினாள்."

"நல்லா நிக்கல்ல. உள்ளுக்குள்ள இருந்தது. ஆடு கனக்கக் காட்டாது. ஆனா கொண்டு போய் மாட்டுக்குக் குடுக்கும். வியாழக்கிழமை போயிருந்தா ஒங்கட ஊர்ல ஒரு மாடு தப்பாது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் எதற்காக அழுது கேட்டேனோ, அதைத் தராமல் விட்டதுதான் எனக்குக் கிடைத்த பதில். அவன் வியாழக்கிழமையே பதில் தந்துவிட்டான். நான்தான் அது பதில் என்று தெரியாமல் இரண்டு நாள் மூஞ்சியை நீட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். டொக்டர் மிஸ் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் "யா அல்லாஹ், என்னை மன்னிச்சிடு" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று அவருக்கு விளங்கியதோ தெரியாது, என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பிறகு பட்டபாடு கொஞ்சமில்லை. இந்த நோய்க்கு நேரடி மருந்து இல்லையாம். புண்ணைச் சுத்தமாக வைத்து, உடம்பை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். காலையும் மாலையும் ஒவ்வோர் ஆட்டின் வாயையும் உப்புத் தண்ணீரால் கழுவினேன். குளம்புகளை டொக்டர் மிஸ் தந்த ஊதா மருந்துத் தண்ணீரில் கழுவினேன். என் கைகள் முழங்கை வரை கத்தரிக்காய் நிறமாகிவிட்டன. குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கட்டிப் போத்தலில் பால் கொடுத்தேன். வாய் நோகிற ஆடுகளுக்குக் கஞ்சி காய்ச்சி ஆற வைத்துப் பருக்கினேன். கிடாய் ஒருநாள் கஞ்சிச் சட்டியைத் தலையால் இடித்து என் மேல் முழுவதும் ஊற்றிவிட்டது. "உனக்கு வருத்தமா, எனக்கு வருத்தமா?" என்று அதற்கு ஏசினேன். ஏசினதும் எனக்கே சிரிப்பு. அவ்வளவு நாளும் நான் சிரிக்கவில்லை.

ஆடுகளை வெளியே விடக் கூடாது. வளவுக்குள் இருந்த தீனி கெதியில் முடிந்தது. பட்டியை விட்டு நான் போய் இலைகுழை வெட்டவும் பயம், என் காலோடு நோய் போய்விடும் என்று. அப்போது ஹமீதா லாத்தா செய்த உதவியை நான் மரணிக்கும்வரை மறக்க மாட்டேன். தன் வீட்டிலும் பசு நிற்கிறது. அந்தப் பசுவுக்கு வந்தால் அவருக்குப் பெரிய நட்டம். என்னைத் திட்டியிருக்கலாம், என் ஆடுகளை அப்புறப்படுத்தச் சொல்லியிருக்கலாம். அவர் ஒவ்வொரு நாளும் முருங்கைக் குழையும் கிளுவைக் குழையும் வெட்டிக் கட்டாகக் கட்டி, வேலிக்கு மேலால் எறிந்துவிட்டு, "பொறுக்கிக்கொள்ளு!" என்று கத்திவிட்டுப் போவார். வேலிக்குப் பக்கத்தில் வரமாட்டார். நானும் வரவிட மாட்டேன். இரண்டு பேரும் தூரத்தில் நின்று கத்திக் கத்தியே கதைப்போம். வீதியால் போகிறவர்கள் சண்டை பிடிக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டாவது முறை நான் துஆ கேட்டபோது லொறி கேட்கவில்லை. இன்னது வேண்டும் என்றே கேட்கவில்லை. "உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. என்ட கையால மற்றவங்களுக்குக் கெடுதி வராமப் பாத்துக்கொள்ளு" என்று மட்டும் கேட்டேன்.

இன்னும் சில குட்டிகள் போய்விட்டன. அவற்றை ஆழக் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். அது கஷ்டமான வேலை. அதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. ஆனால் பெரிய ஆடுகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. முதலில் கஞ்சியைத் தாங்களாகக் குடித்தன, பிறகு குழையில் வாய் வைத்தன. ஒருநாள் காலை நான் பட்டிக்குப் போகும்போது கறுப்பி முன்னங்கால் இரண்டையும் வேலியில் ஊன்றி எழும்பி, மேலே காய்ந்த ஓலைக் கிடுகைப் பிடித்து இழுத்துத் தின்றுகொண்டிருந்தாள். மற்ற நாளென்றால் தடியை எடுத்திருப்பேன். அன்று "தின்னு, முழு வேலியையும் தின்னு" என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

ஹமீதா லாத்தாவின் பசுவுக்கு ஒன்றும் வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் வேறு எந்த வீட்டுக்கும் அது போகவில்லை. பெருநாளன்று ஊரில் முதல் குர்பான் அறுத்துக் கொடுப்பேன் என்று மனதில் நிய்யத்து வைத்திருந்த எனக்கு, ஹமீதா லாத்தா வேலிக்கு மேலால்தான் இறைச்சிப் பொதியையும் தந்தார். அதை எறியவில்லை, தடியில் கட்டி நீட்டினார். பெருநாள் சோறு தனியாகச் சாப்பிட்டேன். ஆனால் என் மனதில் ஒரு குறையும் இருக்கவில்லை. இவ்வளவு நிம்மதி எங்கிருந்து வந்தது என்று நானே ஆச்சரியப்பட்டேன்.

ஆடுகள் தேறிய பிறகும் டொக்டர் மிஸ் உடனே போக விடவில்லை. சுகப்பட்ட பிறகும் கொஞ்சக் காலம் நோய் உள்ளே இருக்கலாமாம். முந்திய ஜெஸீமா என்றால் சண்டைக்குப் போயிருப்பாள். நான் கட்டி வைத்த சாமான்களை அவிழ்த்தேன், அலுமாரியை நிரப்பினேன், மாரிமழை பெய்து முடியும்வரை பேசாமல் இருந்தேன். பிறகு அவரே வந்து பார்த்து, இனிப் போகலாம் என்றார்.

அதே அன்ரன், அதே லொறி. இந்த முறை அவனுக்கு முதலில் தேத்தண்ணீர் கொடுத்தேன்.

ஊருக்குப் போய்ச் சேர அஸர் ஆகிவிட்டது. ஆடுகளைப் பட்டியில் இறக்கிக் கட்டிவிட்டு, ரிஸானாவின் வாசலில் கதிரை போட்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் குளத்தடிப் பக்கமிருந்து புழுதி கிளம்பியது. மாடுகள் வீட்டுக்குத் திரும்புகின்றன. நான் அவற்றை முதல் தடவையாகப் பார்க்கிறேன். இவ்வளவு மாடு அங்கே இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஒவ்வொரு படலையிலும் ஒவ்வொன்றாகப் பிரிந்து உள்ளே போயின. பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு பின்னால் ஓடினார்கள். ஒரு மாடுகூட நொண்டவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். என் கணவர் பக்கத்தில் வந்து நின்றார்.

ரிஸானாவின் பசு கன்று போட்டிருந்தது. நான் களப்புக்கரையில் ஆடுகளுக்கு வாய் கழுவிக்கொண்டிருந்த நாட்களில் பிறந்த கன்று. அவள் பால் கறந்து, சூடாக்கி, சீனி போட்டுக் கொண்டுவந்து தந்தாள்.

"குடிங்க மதினி. ஏன் அழுறீங்க? வந்து சேந்திட்டீங்கதானே."

அவளுக்கு எப்படிச் சொல்வது? நான் கேட்டபடி லொறி நேரத்துக்கு வந்திருந்தால், என் கையில் இருந்த அந்தக் கோப்பையில் பால் இருந்திராது. நான் அழுதுகொண்டே முழுவதையும் குடித்தேன். பிறகு எழும்பிப் போய், நன்றி சொல்லி ஷுக்ருடைய சுஜூது செய்தேன். அவ்வளவு நேரம் நெற்றியை நிலத்தில் வைத்து நான் இருந்ததே இல்லை.

இதை ஏன் எழுதினேன் என்றால், கேட்டது கிடைக்காமல் இருக்கிற சகோதரிகள், சகோதரர்கள் பல பேர் இருப்பீர்கள். நோயாளி இன்னும் எழும்பவில்லை, கடிதம் இன்னும் வரவில்லை, பிள்ளை இன்னும் திரும்பவில்லை என்று. உங்களுக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை. என்னைப்போலக் கோபம் வந்தால் வரட்டும். கோபத்தோடேயே போய்த் தொழுகைக்கு நில்லுங்கள், பாயை மட்டும் மடித்து மூலையில் போட்டுவிடாதீர்கள். அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். என் துஆவில் என் ஆடுகள் மட்டும்தான் இருந்தன. அவனோ எங்கள் ஊரின் கடைசிக் கன்றுவரை பார்த்தான். அன்று எனக்கு லொறி பிந்தியதால், இன்று அந்த ஊர்ப் பிள்ளைகள் காலையில் பால் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறார்கள்.